தீர்த்த கணக்கும் தீராத ஐயமும்

தேர்வு நெருங்கிவிட்டால் நம்மில் பலர் விடைநூல்களைத் தேடி ஓடுகிறோம். தீர்த்து வைத்த கணக்குகளைப் படிப்பது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. எப்படிப் படிப்பது என்பதே கேள்வி. அதை அறியாமல் நான் ஒருமுறை பௌதிகத்தில் தோற்றேன். பிறர் தோற்க வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

ஆகுர்டியிலுள்ள எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிவரை விழித்து, நூற்றுக்கு மேற்பட்ட தீர்வுகளைப் படித்தேன். ஒவ்வொரு வரியும் தெளிவாகவே தோன்றிற்று. அவற்றுள் ஒன்று: முடுக்கத்துடன் புறப்படும் இரயிலின் கூரையில் நூல் கட்டித் தொங்கவிட்ட குண்டு எவ்வளவு சாயும்? முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் சாய்கோணத்தின் டேஞ்சன்ட் கிடைக்கும் என்பது விடை. அதை மனப்பாடம் செய்துவிட்டேன்.

தேர்வில் வந்ததோ வேறு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இரயில், சீராக வேகம் குறைந்து 40 விநாடியில் நிற்கிறது. குண்டு எந்தப் பக்கம், எவ்வளவு சாயும்? முடுக்கம் கொடுக்கப்படவில்லை, வண்டி புறப்படவுமில்லை. என் பேனாவும் ஓடவில்லை. அவ்வாண்டுத் தேர்ச்சி போயிற்று. வீட்டில் அப்பா ஒன்றும் பேசவில்லை; அதுதான் அதிகம் வருத்தியது.

சில நாள் கழித்து ஆகுர்டியில் புனே லோக்கலில் ஏறினேன். அடுத்த நிலையமான சிஞ்ச்வட்டில் வண்டி நிற்கும்போது நின்றிருந்த எல்லாரும் முன்னே சாய்ந்தோம். அப்போதுதான் விளங்கிற்று. நூலின் இழுவிசையில் செங்குத்துக் கூறு குண்டின் எடையைத் தாங்குகிறது. கிடைக்கூறு அதன் வேகத்தை மாற்றுகிறது. வேகம் குறைய நூல் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஆகவே குண்டு முன்பக்கம் சாயும். விநாடிக்கு 20 மீட்டர் வேகம் 40 விநாடியில் அழிகிறது. எனவே முடுக்கத்தின் அளவு 0.5. அதை 9.8 ஆல் வகுத்தால் 0.051, கோணம் ஏறக்குறைய 3 பாகை. ஏன் வகுக்கிறோம்? இழுவிசையும் நிறையும் அடிபட்டுப் போவதற்காக. இந்த 'ஏன்' என்பதை நான் ஒருதரமும் கேட்டதில்லை.

இது என் ஒருவனது அனுபவம் மட்டுமன்று. 1985இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளரான ஸ்வெல்லரும் கூப்பரும், தீர்த்த கணக்குகளைப் பயின்ற மாணவர் அதே வகைக் கணக்குகளை விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்ததைக் காட்டினர். 1989இல் அமெரிக்காவில் மிஷலின் சீ என்ற அம்மையாரும் குழுவினரும், பௌதிகம் கற்ற மாணவரை ஆராய்ந்தனர். நன்கு தேறியவர்கள் தீர்வின் படிகளுக்குத் தமக்குத் தாமே அதிகமாகக் காரணம் சொல்லிக்கொண்டவர்கள். மற்றவர்களோ தமக்கு விளங்கிவிட்டதாகவே எண்ணியிருந்தார்கள், என்னைப்போல!

ஆகவே நண்பர்களே, முதலில் தீர்வை மூடிவைத்துச் சிறிது முயலுங்கள். பின்பு படிக்கும்போது ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எந்த விதி, ஏன் இங்கே என்று எழுதுங்கள். பிறகு நூலை மூடி, வெற்றுத்தாளில் முழுதும் செய்யுங்கள். இறுதியாக, கணக்கில் ஒன்றை மாற்றுங்கள்: புறப்படும் வண்டியை நிறுத்துங்கள், சீரான வேகத்தில் ஓடவிடுங்கள். கை பழகியபின் தீர்வுகளை விட்டுப் புதிய கணக்குகளுக்குச் செல்லுங்கள்.

மறுமுறை நான் படித்த தீர்வுகள் முப்பதுக்கு மேல் இரா. தேறினேன். விடைநூல் வழிகாட்டும், நடக்க வேண்டியவை நம் கால்களே.