மூடிய கணக்கைத் திறப்பதற்கு எல்லை

வருமானவரிக் கணக்கு ஒருமுறை பரிசீலிக்கப்பட்டு, வரியும் செலுத்தப்பட்ட பிறகு, சர்க்கார் இஷ்டப்பட்டபோதெல்லாம் அதை மறுபடி திறக்கலாமா? விடை காண நாம் டில்லிக்கும் பம்பாய்க்கும் போகவேண்டியதில்லை. நமது மதுரை மீனாக்ஷி மில் வழக்கே போதும்.

யுத்த காலத்தில் தப்பிய வரியை வசூலிக்க 1947ம் வருஷத்தில் விசாரணைக் கமிஷன் சட்டம் இயற்றப்பட்டது. நோக்கத்தை நாம் குறைகூறோம். ஏழை ஜனங்கள் ரேஷன் அரிசிக்காகக் காத்து நின்ற நாட்களில் கள்ளக் கணக்கு எழுதியவர்களுக்காகக் கண்ணீர் விடுவார் யார்? முறைதான் விபரீதமானது. சாதாரண அஸெஸ்மெண்டில் குறை கண்டவர் அப்பீல் செய்யலாம், டிரிப்யூனலுக்கும் போகலாம். கமிஷன் கண்ட உண்மைகளோ முடிவானவை. எவரை எவ்வழியில் அனுப்புவதென்பது சர்க்காரின் சித்தம்.

1954 மே மாதம் ஸூரஜ்மல் மோத்தா வழக்கில் இச்சட்டத்தின் ஓர் உட்பிரிவு செல்லாதென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சர்க்கார் விரைந்து 1922ம் வருஷச் சட்டத்தின் 34வது பிரிவைத் திருத்தி, 1939 செப்டம்பர் முதல் 1946 மார்ச் வரை தப்பிய பெரும் வருமானங்களை அதன் கீழும் பிடிக்க வழி செய்துகொண்டது. அத்திருத்தமே அதற்கு வினையாயிற்று. ஒரே வகுப்பாருக்கு அப்பீலுள்ள சட்டம் ஒன்று, இல்லாத சட்டம் ஒன்று! இது அரசியல் சட்டத்தின் 14வது ஷரத்துக்கு விரோதமென்று அதே வருஷம் அக்டோபரில் மீனாக்ஷி மில் வழக்கில் முடிவாயிற்று. கமிஷனின் அதிகாரத்துக்கு ஆதாரமான பிரிவே விழுந்தது.

மில்லைக் குற்றமற்றதென்று கோர்ட் சொல்லவில்லை. 1956ல் வேறொரு வழக்கில், இடைத்தரகர் பெயரில் நடந்த விற்பனைகள் போலியென்ற டிரிப்யூனல் முடிவை எதிர்த்து அதே மில் செய்த அப்பீல் தள்ளுபடியாயிற்று. இரண்டு தீர்ப்புகளையும் நாம் ஒருங்கே வரவேற்கிறோம்.

பிற்காலத்தில் எல்லைகள் இன்னும் தெளிவாயின. முக்கிய விவரங்களை மறைக்காமல் வெளியிடுவதே வரிதாரரின் கடமை. அவற்றிலிருந்து அனுமானம் செய்வது அதிகாரியின் வேலையென்று 1960ல் கல்கத்தா டிஸ்கவுண்ட் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. அபிப்பிராயம் மாறியதற்காகக் கணக்கைத் திறக்கலாகாதென்று 2010ல் கெல்வினேட்டர் வழக்கில் உறுதியாயிற்று. 2021ம் வருஷத் திருத்தம் 50 லக்ஷம் ரூபாயும் அதற்கு மேலும் தப்பியதாகக் கருதப்படும் இனங்களுக்கு 10 வருஷம் வரை இடங்கொடுத்தது. 2024ம் வருஷத் திருத்தம் அதை 5 வருஷம் 3 மாதமாகவும், மற்றவற்றுக்கு 3 வருஷம் 3 மாதமாகவும் வரையறுத்தது. குறைத்தது நன்றே. ஆயினும் அந்த 50 லக்ஷத்தை முதலில் கணக்கிடுபவர் நோட்டீஸ் அனுப்பும் அதிகாரியே என்பதை நாம் மறப்பதற்கில்லை.

மாசி வீதி வியாபாரியும் மேலூர் நெல் மண்டிக்காரரும் காகிதத்தைக் கண்டதும் தரகரிடம் ஓடவேண்டாம். எந்தத் தகவலை ஆதாரமாகக் கொண்டு நோட்டீஸ் வந்ததென்று எழுத்து மூலம் கேட்டு, கெடுவுக்குள் பதில் எழுதுக. வரம்பு மீறினால், 2004 முதல் ஹைக்கோர்ட்டின் கிளை மதுரையிலேயே இருக்கிறது. ரயிலேறிச் சென்னை போகும் செலவும் இல்லை.