வரைந்தது நீங்கள், கோப்பு யாருடையது?

டிப்ளமோ முடித்த பையன் "கேட் (CAD) தெரியும்" என்று கோவைப் பக்கம் ஏதாவது பட்டறையில் போய் நின்றால், "எந்த சாஃப்ட்வேர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கட்டணம் கட்டிப் படிக்க கேட் சென்டர்கள் இருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து இலவசமாகப் பழக நினைப்பவருக்குத்தான் எதைத் தொடுவது என்று தெரியாத திண்டாட்டம்.

இலவச மென்பொருள்கள் நாலைந்தை எடுத்துப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே பாகத்தை வரையுங்கள். 60-க்கு 40 மி.மீ. தகடு, 5 மி.மீ. கனம், மூலைக்கு ஒரு ஓட்டை. அது போதும்.

டிங்கர்கேட் பிரவுசரிலேயே ஓடும். பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, உருளைகளை ஓட்டையாக மாற்றி, குரூப் செய்தால் தகடு தயார். பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். நீளம் 70 ஆக வேண்டும் என்று கஸ்டமர் சொல்லும்போதுதான் வம்பு. தகட்டைப் பிடித்து இழுத்தால் வட்ட ஓட்டைகளும் கூடவே நீண்டு முட்டை வடிவமாகிவிடும்.

ஃப்ரீகேடில் முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஸ்கெட்ச் போட்டு, ஓட்டை ஓரத்திலிருந்து எத்தனை மி.மீ. என்பது வரை ஒவ்வொரு அளவையும் கட்ட வேண்டும். எல்லாம் சரியாகக் கட்டியதும் கோடுகள் பச்சையாகும். அதன்பின் 60-ஐ 70 ஆக்கினால் ஓட்டைகள் தாமாகவே இடம் மாறிக்கொள்ளும். வடிவமைப்பு என்பதே இந்த ஒழுங்குதான். பழைய பதிப்புகளில் ஸ்கெட்சைத் திருத்தினால் ஃபில்லட் (விளிம்பு வளைவு) வேறு விளிம்புக்குத் தாவிவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது.

ஓப்பன்ஸ்கேடில் மவுஸால் வரைய முடியாது. புரோகிராம் போல வரிவரியாக எழுத வேண்டும். லேசர் கட்டிங் கடைக்கு டி.எக்ஸ்.எஃப். கோப்பு கொடுப்பதற்கு மட்டும் என்றால் லிப்ரேகேடே தாராளம்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது கோப்பு. பெயர்பெற்ற ஒரு மென்பொருளின் இலவசத் திட்டத்தில் ஒரே நேரத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்த முடியும். இன்னொன்றில் இலவசமாக வரைவது எதுவானாலும் ஊருக்கே தெரியும். மாணவர் உரிமம் படிப்போடு போய்விடும். பிறகு சந்தா கட்டினால்தான் உங்கள் டிராயிங்கையே நீங்கள் திருத்தலாம். கம்பெனிகள் கேட்பதைப் படித்தால்தானே வேலை என்பார்கள். நியாயம்தான், படியுங்கள். ஆனால் சேர்த்துவைக்கும் உழைப்பு எங்கே கிடக்கிறது என்று ஆரம்பத்திலேயே யாரும் சொல்லித் தருவதில்லை.

கோப்பை எஸ்.டி.எல். ஆக எடுத்து வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் இருப்பது வெறும் முக்கோணங்கள். 3டி பிரிண்டருக்குப் போதும், திருத்துவதற்கு உதவாது. ஸ்டெப் கோப்பு சர்வதேசத் தரநிலை, ஐ.எஸ்.ஓ. 10303. வரைந்த படிகள் அதில் வராது என்றாலும் திடவடிவம் அப்படியே போய்ச்சேரும். ஃப்ரீகேட் கோப்போ ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதியைக் கண்ணால் படிக்கலாம்.

மாணவர் உரிமம் வைத்திருப்பவர்கள், அது முடிவதற்குள் ஒவ்வொரு பாகத்தையும் ஸ்டெப்பிலும், அளவு போட்ட டிராயிங்கை பி.டி.எஃப். ஆகவும் எடுத்துச் சொந்த பென்டிரைவில் போட்டுவிடுங்கள்.