முடிசூடா வீரர் சாம் லாங்போர்டு

குத்துச்சண்டையைப் பற்றி விடுதியில் பேச்செழுந்தால் முகமது அலியின் பெயர் முதலில் வரும். அடுத்து ஜார்ஜ் போர்மன், மைக் டைசன் என்று பட்டம் பெற்றோர் வரிசை நீளும். பட்டம் பெறாதோரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பட்டம் பெறாதவன் தோற்றவன் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம் போலும். ஆயின், பட்டம் பெறாதோர் இருவகையினர். முயன்றும் எய்தாதவர் ஒருவகை. முயலவே விடப்படாதவர் மற்றொரு வகை. இவ்விரு வகையினரையும் ஒரே ஏட்டில் ஒரே பெயரால் எழுதி வைப்பது முறையாகுமா?

முதல் வகைக்கு ஏர்னி ஷேவர்சைச் சான்றாகக் காட்டலாம். அலபாமாவில் 1944இல் பிறந்து 2022இல் மறைந்த அமெரிக்கர் அவர். அவருடைய வலக்கைக் குத்தின் கடுமைக்கு அலியே சான்று பகர்ந்திருக்கிறார். 1977 செப்டம்பரில் அந்த அலியோடு நியூயார்க்கில் 15 சுற்றுகள் மோதிப் புள்ளிக் கணக்கில் தோற்றார் ஷேவர்ஸ். 1979 செப்டம்பரில் லாரி ஹோம்சை ஏழாம் சுற்றில் ஒரே குத்தில் தரையில் வீழ்த்தினார். பட்டம் கைக்கெட்டும் தொலைவில் வந்துவிட்டது. ஹோம்சோ எழுந்து நின்றார். பதினொன்றாம் சுற்றில் வென்றும் விட்டார். இரண்டு முறை கதவு திறந்தது. இரண்டு முறையும் ஷேவர்சால் உள்ளே புக முடியவில்லை. வருத்தத்துக்குரியதுதான். ஆனால் அதில் அநீதி ஏதுமில்லை.

நான் எழுத எடுத்துக்கொண்டவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். பெயர் சாம் லாங்போர்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் வேமவுத் பால்ஸ் என்னும் சிற்றூரில் 1880களில் பிறந்தவர். 1886 என்பது பெரும்பாலோர் கொள்ளும் ஆண்டு. அமெரிக்க விடுதலைப் போரின்போது ஆங்கிலேயர் பக்கம் நின்று, அதனால் அடிமைத்தளை நீங்கி, வடக்கே குடியேறிய கறுப்பின மக்களின் வழித்தோன்றல். தந்தையின் கொடுமை தாளாமல் சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஓடி, வயிற்றுப் பிழைப்புக்கு அலைந்து, பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். அங்கே ஜோ உட்மன் என்னும் மருந்துக் கடைக்காரர் ஒரு குத்துச்சண்டைக் கழகமும் நடத்தி வந்தார். அக்கழகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை சாமுக்குக் கிடைத்தது. துடைப்பம் பிடித்த கை விரைவில் கையுறை அணிந்தது. 1902இல் தொழில்முறைப் பந்தயங்களில் இறங்கினார். உட்மனே அவருடைய மானேஜர் ஆனார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜோ கான்சோடு மோதினார். கான்ஸ் அப்போது லைட்வெயிட் பிரிவின் உலக சாம்பியன், வல்லவர்களில் வல்லவர். 15 சுற்றுகளின் முடிவில் வெற்றி இளைஞர் சாமுக்கே என்றார் நடுவர். ஆனால் சாமின் எடை அப்பிரிவின் வரம்பைக் கடந்திருந்ததால் பட்டம் பந்தயத்தில் வைக்கப்படவில்லை. 1904இல் வெல்டர்வெயிட் சாம்பியனான பார்படோஸ் தீவின் ஜோ வால்காட்டோடு மோதினார். வென்றவர் சாமே என்று பார்த்தவர் பலர் கருதினர்; நடுவர் சமன் என்று அறிவித்தார். அதனைப் பட்டப் பந்தயமாகக் கணக்கிடுவோர் உண்டு. அப்படியானால், தம் வாழ்நாளில் அவர் பட்டத்தை நெருங்கிய நாள் அதுவே. அதற்குப்பின் உடல் வளர வளர எடைப் பிரிவும் ஏறியது. ஆட்டம் ஹெவிவெயிட்டுக்கு மாறியது. கதையும் மாறியது.

ஹெவிவெயிட் பிரிவில் எடைக்கு மேல்வரம்பு கிடையாது. ஆறடியைத் தாண்டிய ஆட்கள் மோதும் களம் அது. லாங்போர்டின் உயரமோ ஐந்தடி ஏழங்குலம் அளவே. ஆயினும் அகன்ற தோளும் உயரத்துக்கு மிஞ்சி நீண்ட கைகளும் அவருக்கு வாய்த்திருந்தன. குனிந்து உட்புகுந்து, விலாவிலும் தாடையிலும் குறுகிய தொலைவிலிருந்து குத்துவார். தம்மினும் இருபது, முப்பது பவுண்டு மிகுந்தவர்களை அவர் சாய்த்தது இவ்வாறுதான். அவர் ஆடியவை முந்நூறுக்கும் மேற்பட்ட பந்தயங்கள். எதிரி எழ முடியாமல் முடிந்தவை மட்டும் நூற்றுக்கு மேல். ஒரு பந்தயத்தில் சுற்றின் தொடக்கத்திலேயே அவர் எதிரியோடு கைகுலுக்கப் போனாராம். ‘இது கடைசிச் சுற்று இல்லையே’ என்றாராம் எதிரி. ‘உனக்கு இதுதான் கடைசி’ என்றாராம் சாம். இத்தகைய கதைகள் வாய்க்கு வாய் வளர்ந்திருக்கும்; எனினும் எல்லாரைப் பற்றியும் இப்படிக் கதை கட்ட மாட்டார்கள் அன்றோ?

1906 ஏப்ரல் 26ஆம் நாள், பாஸ்டனை அடுத்த செல்சியில், அவரும் ஜாக் ஜான்சனும் மோதினர். ஜான்சன் அப்போது சாம்பியன் ஆகவில்லை. அவருக்கு எடை ஏறத்தாழ முப்பது பவுண்டு மிகுதி. ஆறாம் சுற்றில் லாங்போர்டு இருமுறை கீழே விழுந்தார். ஆனாலும் எழுந்து 15 சுற்றும் நின்றார், வெற்றி ஜான்சனுக்கு. லாங்போர்டுதான் ஜான்சனை வீழ்த்தினார் என்றொரு கதையைப் பின்னாளில் உட்மன் பரப்பினார். அன்றைய செய்தித்தாள்கள் அப்படிச் சொல்லவில்லை. நம்மவர்மீது அன்பு மிகுந்தாலும் கணக்கைத் திருத்தக் கூடாது. அன்று வென்றவர் ஜான்சனே. ஆனால் வென்ற ஜான்சன் மீண்டும் ஒருநாளும் லாங்போர்டின் எதிரில் வந்து நிற்கவில்லை.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். முதலிடத்தில் நிற்கும் போட்டியாளரைக் குறித்த காலத்துக்குள் சந்தித்தாக வேண்டும், இல்லையேல் பட்டம் பறிபோகும் என்று இன்று விதி செய்யும் அமைப்புகள் பல உள்ளன. அன்று அத்தகைய அமைப்பு இல்லை. பட்டம் வைத்திருப்பவரும் அவருடைய மானேஜரும் பந்தயம் நடத்தும் முதலாளியும் கூடி உட்கார்ந்து, யாரோடு ஆடுவது என்று தாமே முடிவு செய்வர். வேண்டாதவரை வேண்டாம் என்று சொல்லக் காரணம் கூடத் தேவையில்லை. ஆயினும் ஒரு காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார்கள். அதற்கு ‘நிறக்கோடு’ என்று பெயர். ஜான் எல். சல்லிவன் கறுப்பரோடு ஆட மறுத்தார். ஜேம்ஸ் ஜெப்ரிஸ் சாம்பியன் ஆகும்முன் கறுப்பரோடு ஆடியவர், ஆனபின் மறுத்தார்.

அந்தக் கோட்டைத் தாண்டியவர் ஜான்சன். டாமி பர்ன்ஸ் என்னும் சாம்பியனை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து போய், 1908 டிசம்பர் 26இல் சிட்னியில் வென்று, முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1910 ஜூலை 4இல் ரீனோ நகரில், ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜெப்ரிசையும் வீழ்த்தினார். அச்செய்தி பரவிய இரவில் அமெரிக்க நகரங்களில் கறுப்பர் தாக்கப்பட்டனர், உயிர்களும் போயின. இவ்வளவையும் கண்ட ஜான்சன், தம்மைப் போன்ற மற்றொரு கறுப்பருக்குக் கதவைத் திறந்துவிட்டிருப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை. லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் லாங்போர்டோடு ஆட ஒத்துக்கொண்டிருந்த பந்தயத்தைக் கைவிட்டார். பிறகு பெருந்தொகை கேட்டார். இரண்டு கறுப்பர் மோதினால் சீட்டு விற்காது என்றார். 1913இல் பாரிசில் ஒரு கறுப்பருக்கு வாய்ப்புத் தந்தார். அவர் பாட்லிங் ஜிம் ஜான்சன், லாங்போர்டு அல்லர். ஜாக் ஜான்சனைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். அவர் எண்ணியது வரவு செலவுக் கணக்கு. லாங்போர்டோடு ஆடினால் இழக்க நேர்வது மிகுதி, கிடைப்பது கொஞ்சம்.

கறுப்பினத்தார்க்கென்று ஒரு தனி ஹெவிவெயிட் பட்டம் அந்நாளில் இருந்தது. லாங்போர்டு அதனைப் பலமுறை வென்றார். தனிக் குவளையை அறிந்த நமக்கு அந்தத் தனிப் பட்டத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்கள் என்ன செய்வார்கள்? தங்களுக்குள்ளேயே மோதிக் கொண்டார்கள். ஹாரி வில்ஸ், சாம் மக்வே, ஜோ ஜெனட் ஆகிய மூவரும் லாங்போர்டைப் போன்றே கதவடைக்கப்பட்டவர்கள். வில்சோடு பதினைந்து முறைக்கு மேல் மோதினார். மற்ற இருவரோடும் ஏறக்குறைய அத்தனை முறை. ஒருவர் குத்து ஒருவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். பணம் கொஞ்சம், அடியோ முழு அடி. வெள்ளை வீரரோடு ஆட வாய்ப்புக் கிடைத்தாலும் கையை அடக்கிக் குத்த வேண்டும். எதிரியை இரண்டு சுற்றில் சாய்த்துவிட்டால் அடுத்த ஊரில் எவன் ஆட வருவான்? ஆகவே அவருடைய ஆட்டக் கணக்கில் உள்ள சில ‘சமன்’களைப் பார்த்து ஏமாறக் கூடாது.

1910 ஏப்ரலில் மிடில்வெயிட் சாம்பியன் ஸ்டான்லி கெச்சல் பிலடெல்பியாவில் அவரோடு ஆறு சுற்று ஆடினார். தீர்ப்பு வழங்காத பந்தயம் அது. பின்னர் நீண்டதொரு பந்தயத்தில் இருவரும் மோதுவர் என்று பேச்சிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கெச்சல் சுட்டுக் கொல்லப்பட்டார். பேச்சும் அவரோடு போயிற்று.

1915இல் ஜான்சனை வென்ற ஜெஸ் வில்லார்டும் கறுப்பரோடு ஆட மறுத்தார். 1919இல் வில்லார்டை வென்ற ஜாக் டெம்ப்சியின் காலத்திலும் எந்தக் கறுப்பருக்கும் பட்டப் பந்தயம் கிட்டவில்லை. அந்த டெம்ப்சி தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் ஒன்றை எழுதியிருக்கிறார்: தாம் அஞ்சாத மனிதரில்லை, லாங்போர்டோடு மோத அஞ்சினார், மோதியிருந்தால் லாங்போர்டு தம்மைச் சாய்த்திருப்பார். பட்டம் பெற்றவரே பட்டம் பெறாதவருக்கு எழுதிக் கொடுத்த இந்த ஒப்புதலைவிட வேறென்ன வேண்டும்? ஜான்சனுக்குப் பின் மற்றொரு கறுப்பர் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனது 1937இல்தான். அவர் ஜோ லூயிஸ்.

லாங்போர்டுக்கு அவ்வளவு காலம் இல்லை. 1917இல் பிரெட் புல்டன் என்னும் நெடிய வீரரோடு பாஸ்டனில் மோதியபோது ஒரு கண் போயிற்று. மற்றக் கண்ணையும் மெல்ல மெல்லப் புரை மூடியது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேறு தொழில் தெரியாது; சேமிப்பும் இல்லை. நெருங்கிச் சென்று, எதிரியின் உடல் தம்மேல் படுவதை வைத்து இடம் அறிந்து குத்தினார். 1922 ஜூனில் அட்லாண்டாவில், அந்த அரைகுறைப் பார்வையோடு, டைகர் பிளவர்ஸ் என்னும் இளைஞரை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். அதே பிளவர்ஸ் 1926இல் மிடில்வெயிட் உலக சாம்பியன் ஆனார்! 1923இல் மெக்சிகோவின் ஹெவிவெயிட் பட்டத்தை லாங்போர்டு வென்றார். 1926இல் ஆட்டம் நின்றது. கண் முற்றும் இருண்டது.

பின்னர் அவரை எல்லாரும் மறந்தனர். 1944இல் நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் இதழின் நிருபர் ஆல் லேனி அவரைத் தேடிப் புறப்பட்டபோது, அவர் இறந்துவிட்டார் என்றே பலர் சொன்னார்கள். ஹார்லெமில் ஒரு வாடகைக் குடியிருப்பின் இருண்ட அறையில், பார்வையும் பணமும் இன்றி அவர் உட்கார்ந்திருப்பதை லேனி கண்டார். கட்டுரை வெளிவந்தது. படித்தவர்கள் பணம் அனுப்பினர். ஏறத்தாழ பத்தாயிரம் டாலர் சேர்ந்து, அவர் பெயரில் ஓர் அறநிதி அமைந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமசின்போது லேனி மீண்டும் சென்றார். தம்மிடம் ஒரு கிதார் இருக்கிறது, குடிக்க ஒரு புட்டி ஜின் இருக்கிறது, விருந்துக்குப் பணமும் இருக்கிறது, நியூயார்க்கில் தம்மைவிட மகிழ்ச்சியான ஆள் இல்லை என்று அவரிடம் லாங்போர்டு சொன்னாராம். இதைப் படித்து நெகிழ்ந்தோர் பலர். எனக்கோ கோபம்தான் வந்தது.

1955இல் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். மூன்று மாதம் கழித்து, 1956 ஜனவரி 12இல், மாசசூசெட்சில் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் காலமானார்.

2003இல் ‘தி ரிங்’ என்னும் குத்துச்சண்டை இதழ், எக்காலத்துக்கும் உரிய கடுங்குத்து வீரர்கள் நூற்றுவரை எடை வேறுபாடு பாராமல் வரிசைப்படுத்தியது. முதலிடம் ஜோ லூயிசுக்கு. இரண்டாம் இடம் லாங்போர்டுக்கு. கெச்சல் ஆறாமவர்; டெம்ப்சி ஏழாமவர். பத்தாம் இடத்தில், இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்ட ஏர்னி ஷேவர்ஸ் இருக்கிறார்.