ஓடும் வீட்டைச் சுமப்பது எது? மோட்டார்ஹோம் டயர்: தெரியுமா இந்த அதிசயங்கள்?

கட்டில், மெத்தை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அத்தனையையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வீடுகள் ஓடுகின்றன! 1910-லேயே நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கண்காட்சியில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் அப்படியொரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. பின் இருக்கையை மடக்கினால் படுக்கை, ஓட்டுநர் இருக்கையின் முதுகில் மடக்கு வாஷ்பேசின்! அந்த வீடுகளுக்குள் இருக்கும் சொகுசைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நாம் கொஞ்சம் குனிந்து, கீழே சுழலும் கறுப்புச் சக்கரங்களைப் பார்ப்போம். அங்கேதான் அதிசயமே இருக்கிறது!

1. எடையைச் சுமப்பது ரப்பர் அல்ல, தெரியுமா?

காற்று! வெறும் காற்று! 1845-ல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. உலகம் அதைக் கவனிக்கவே இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்காக அதே யோசனைக்கு மறுபடி உயிர் கொடுத்தார். 1888-ல் காப்புரிமையும் வாங்கினார்.

இன்று நடுத்தர மோட்டார்ஹோம்களில் பரவலாக இருக்கும் 225/70ஆர்19.5 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உறுதியான ரகத்தில் 110 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று இருந்தால் ஒற்றை டயர் 1,800 கிலோவைத் தாங்கும். எடையை அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள்: தரையைத் தொடும் பரப்பு சுமார் 230 சதுர சென்டிமீட்டர்தான். அதாவது, இரண்டு அஞ்சலட்டை அளவு! முன்னால் இரண்டு, பின்னால் நான்கு என ஆறு டயர்களையும் சேர்த்தாலும் பத்துப் பன்னிரண்டு அஞ்சலட்டைகளுக்கு மேல் வராது. பத்து டன் வீடு அதன் மேல்தான் ஓடுகிறது!

2. டயரில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் உங்கள் வண்டிக்கான அழுத்தம் அல்ல, தெரியுமா?

மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களில் பலர் நம்ப மறுக்கும் உண்மை இது! டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண், அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்க எவ்வளவு காற்று வேண்டும் என்று சொல்கிறது. உங்கள் வண்டியின் எடை டயருக்குத் தெரியாதே!

அதனால்தான் டயர் நிறுவனங்கள் ஒவ்வோர் அளவுக்கும் சுமை–அழுத்த அட்டவணை வெளியிடுகின்றன. இந்தச் சக்கரத்தில் இவ்வளவு எடையா, அப்படியானால் குறைந்தது இவ்வளவு காற்று என்று அது கறாராகச் சொல்லும். எடை குறைவாக இருக்கும்போது உச்ச அளவுக்குக் காற்றடித்தால் டயர் நடுவில் புடைத்துக்கொள்ளும். தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், வண்டி குலுங்கும், பிரேக் பிடி தளரும். எடைக்குத் தேவையானதைவிடக் குறைத்து அடித்தாலோ அதைவிட மோசம்: டயர் சுடச்சுட வெந்தே சாகும்!

3. ஒரே வண்டி, நான்கு மூலையிலும் நான்கு எடை, தெரியுமா?

லாரியில் சரக்கைப் பரப்பி ஏற்றலாம். வீட்டில் முடியுமா? ஃபிரிட்ஜ் ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், வெளியே தள்ளி நீளும் அறை இன்னொரு பக்கம்! நூறு காலன் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 378 கிலோ! அது ஒரு ஓரமாக அமைந்துவிட்டால் அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் பாடு என்ன?

அதனால் வண்டியை மொத்தமாக எடை போட்டால் போதாது. அமெரிக்காவில் லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடை மேடைகளில் ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனி எடை கிடைக்கும். அதற்கும் ஒரு படி மேலே, டெக்சாஸின் லிவிங்ஸ்டனைத் தலைமையகமாகக் கொண்ட எஸ்கேப்பீஸ் சங்கம் சக்கரம் சக்கரமாகவே எடை போட்டுக் கொடுக்கிறது. பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே, தண்ணீர், எரிபொருள், துணிமணி, ஆட்கள் எல்லாவற்றோடும் எடை போட வேண்டும். பிறகு ஓர் அச்சில் எந்தப் பக்கம் கனமோ, அந்த எடைக்கு உரிய அழுத்தத்தையே இரு பக்கமும் அடிக்க வேண்டும். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று அடித்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்!

4. தேய்ந்த இடத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம், தெரியுமா?

- தரையைத் தொடும் பட்டன் நடுவில் மட்டும் தேய்ந்திருக்கிறதா? காற்று அதிகம்.
- இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நிமிர்ந்து நிற்கிறதா? காற்று குறைவு, அல்லது சுமை அதிகம்.
- ஒரே ஓரம் மட்டும் மொட்டையா? சக்கரத்தின் சாய்வு பிசகியிருக்கலாம். வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.
- உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் கூர்மையாக அறுக்கிறதா? சக்கரங்கள் நேராக ஓடாமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியபடி தேய்க்கின்றன.
- அங்கங்கே குழி குழியாக இருக்கிறதா? ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம், அல்லது வீல் பேலன்ஸ் தவறியிருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாததைக் கை கண்டுபிடித்துவிடும்! கையால் தடவிப் பார்க்கச் செலவு ஏதுமில்லை, கருவியும் வேண்டாம். கோணல் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே வழியில்தான் தேயும். காரணத்தைச் சரிசெய்த பிறகே புது டயர்!

5. வெறும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் டயரைக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துத் தேய்க்கும், தெரியுமா?

பின்னால் இருக்கும் இரட்டைச் சக்கரங்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டப்பட்டவை. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுத்தான் சுற்ற முடியும். பெரிய மோட்டார்ஹோம் டயரின் விட்டம் சுமார் ஒரு மீட்டர். ஜோடியில் ஒன்று 6 மில்லிமீட்டர் சின்னது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டுக்கும் நடுவே 6 மீட்டர் இடைவெளி விழ வேண்டும். பூட்டியிருப்பதால் விழ முடியாது. அந்த 6 மீட்டரையும் உருளாமல் தரையில் உரசியே தீர்க்க வேண்டும்! லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை சுமார் 4,500 கிலோமீட்டர். உரசல் மட்டுமே 27 கிலோமீட்டர்!

பழைய டயருக்குப் பக்கத்தில் புது டயரை மாட்டுவதால் இந்த வித்தியாசம் வரும். ஒன்றில் காற்று குறைந்தாலும் வரும். அப்போது மற்றது கூடுதல் சுமையைத் தூக்கும். உள்பக்க டயரின் வால்வு கைக்கு எட்டாது என்பதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. சுத்தியலால் தட்டி ஓசையை வைத்துக் காற்றை அளக்க முடியாது. வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் போட்டு, கேஜ் வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. இன்னொன்று: ஜோடியாக ஓடும்போது டயரின் தாங்குதிறனும் குறைவு. முன்னே சொன்ன 1,800 கிலோ டயர், ஜோடியில் 1,700 கிலோதான்!

6. காலையில் சரியாக இருந்த காற்று மலையேறியதும் மாறிவிடும், தெரியுமா?

வெப்பநிலை ஏறக்குறைய ஐந்தரை டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் சுமார் 2 சதவீதம் இறங்கும். உயரம் ஏறினால் வெளிக்காற்று மெலிவதால் கேஜ் கொஞ்சம் கூட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால்?

அரிசோனாவின் ஃபீனிக்ஸில் 30 டிகிரி இளஞ்சூட்டில் 100 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு, 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் போய் இரவு தங்குகிறீர்கள். விடியலில் பூஜ்ஜிய டிகிரி. கேஜ் என்ன காட்டும்? ஏறக்குறைய 91! குளிர் 11 பிஎஸ்ஐயைக் குறைக்கும், உயரம் இரண்டரையைக் கூட்டிக் காட்டும். பஞ்சரும் இல்லை, கசிவும் இல்லை, ஆனால் ஒன்பது போய்விட்டது!

நைட்ரஜன் அடித்தால் இந்த ஏற்றயிறக்கம் நின்றுவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குளிருக்கும் சூட்டுக்கும் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

7. சூடான டயரில் காற்றை இறக்குவது ஆபத்து, தெரியுமா?

ஓட ஓட டயர் சூடாகும், உள்ளே அழுத்தம் ஏறும். இது இயல்பு. அட்டவணை சொல்லும் அழுத்தம் எல்லாம் குளிர்ந்த டயருக்கானது. மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் படும் முன், கிளம்புவதற்கு முன் அளப்பதே சரி. நடுவழியில் அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று பயந்து இறக்கிவிட்டால், குளிர்ந்தபின் காற்று போதாமல் போகும். மறுநாள் பயணமே ஆபத்தில் தொடங்கும்!

8. பெரிய மோட்டார்ஹோமுக்குக் காற்று எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம் இல்லை, தெரியுமா?

2000-ல் ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளால் அமெரிக்காவே அதிர்ந்தது. அதே ஆண்டு புதுச் சட்டம் பிறந்தது. காற்று 25 சதவீதம் குறைந்தால் விளக்கெரிந்து எச்சரிக்கும் கருவி, 2008 மாடல் முதல் கார்களிலும் இலகு வண்டிகளிலும் கட்டாயம் ஆயிற்று. ஆனால் 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. இரட்டைச் சக்கரம் பூட்டியவற்றுக்கும் இல்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே கட்டாயம் இல்லை! அதனால் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார்களைப் பலர் தாமே வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். நல்ல செலவு, வீணாகாத செலவு!

9. பட்டன் தேயாமலே டயர் கிழடு தட்டிவிடும், தெரியுமா?

லாரி தினமும் ஓடுகிறது. மோட்டார்ஹோமோ ஆண்டில் பல மாதம் நின்றே கிடக்கிறது. வெயிலும் ஓசோனும் ரப்பரைத் தின்னும். அதைத் தடுக்க டயரின் கலவையிலேயே மெழுகும் காப்புப் பொருளும் சேர்க்கிறார்கள். ஆனால் டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை போதிய அளவு மேற்பரப்புக்கு வந்து காக்கும். நின்றே கிடந்தால் பக்கவாட்டில் வெடிப்பு விழும்! பளபளப்புக்காகப் பெட்ரோலியம் கலந்த பூச்சு தடவினால் அந்தக் காப்பும் கரைந்துபோகும்.

உங்கள் டயரின் வயதை நீங்களே கண்டுபிடிக்கலாம். டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. ஐந்து ஆண்டு ஆனபின் வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தவரிடம் காட்டச் சொல்கிறது மிஷெலின் டயர் நிறுவனம். பத்து ஆண்டு ஆகிவிட்டால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறது.

10. ஐரோப்பாவில் முகாம் வண்டிக்கென்றே தனி டயர் உண்டு, தெரியுமா?

அளவு எண்ணுக்குப் பின்னால் சிபி என்ற இரண்டு எழுத்து இருக்கும். முழுச் சுமையோடே எப்போதும் வாழும் வண்டிகளுக்காகப் பக்கவாட்டை வலுவாக்கிச் செய்தவை இவை. பின்னச்சில் ஒற்றை டயராக ஓடும்போது இவற்றுக்கு 5.5 பார், அதாவது சுமார் 80 பிஎஸ்ஐ! சாதாரணக் காரின் காற்றைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்!

11. முன் டயர் வெடித்தால் முதலில் பிரேக்கைத் தொடக்கூடாது, தெரியுமா?

கால் தானாகவே பிரேக்குக்குத்தான் போகும். ஆனால் வெடித்த டயர் வண்டியைத் தன் பக்கம் இழுக்கும்போது பிரேக் போட்டால் அந்த இழுப்பு இன்னும் கூடும். மிஷெலின் சொல்லித்தரும் பாடம் நேர் எதிரானது: ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்துக்கொண்டு, ஒரு கணம் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். வண்டியின் முன்னோக்கிய உந்தல் பக்கத்து இழுப்பை ஈடுகட்டும். வண்டி கைக்கு வந்தபின், காலை மெல்ல எடுத்து வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

12. குறைந்த காற்றில் ஓடிய டயரில் மறுபடி காற்றடிப்பதே ஆபத்து, தெரியுமா?

தேவையான அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ ஓடியிருந்தால், பக்கவாட்டுக்குள் இருக்கும் எஃகு இழைகள் நெளிந்து நெளிந்து நைந்திருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி காற்று ஏறும்போது இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, பக்கவாட்டு நீளமாகப் பிளந்து வெடிக்கும்! பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட டயரைக் கழற்றி, உள்ளும் புறமும் தேர்ந்தவர் சோதித்த பிறகே காற்றடிக்க வேண்டும்.

இத்தனை ஆபத்தையும் தடுக்க என்ன வேண்டும் என்று பாருங்கள்: எடை மேடையில் ஒரு சீட்டு, டயர் நிறுவனத்தின் அட்டவணை, நம்பகமான ஒரு கேஜ், கிளம்பும் காலையில் பத்து நிமிடம். மோட்டார்ஹோம் ஓட்டுபவர் தன் குடும்பம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டுதான் சாவியைத் திருப்புகிறார். அந்தப் பத்து நிமிடத்தை எந்த அவசரத்துக்காகவும் விட்டுவிடக்கூடாது!