மாட்டுக்குக் காமாலையா? உண்ணிச்செடியைக் கவனியுங்கள்!

ஐந்தருவியைச் சுற்றியுள்ள மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவர்களுக்கு உண்ணிச்செடி பழக்கமானதுதான். 1809-ம் ஆண்டு அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்த செடி, இன்று மேற்குத்தொடர்ச்சி மலை நெடுகப் பரவிக் கிடக்கிறது. வழக்கமாக மாடுகள் இதைத் தொடாது. தீவனம் குறைந்த நேரத்தில் பசித்த மாடுகளும், வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மாடுகளும் தின்றுவிடும்.

ஈரலில் என்ன நடக்கிறது?

பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. இது தண்ணீரில் கரையாது. தனியாகத் திரிந்தால் செல்களுக்குள் புகுந்து கெடுதல் செய்யும். அதனால் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் அதைப் பிடித்து ஈரலுக்குக் கொண்டு போகிறது. ஈரல் செல்லுக்குள் லிகாண்டின் என்ற இன்னொரு புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு குளுக்குரோனிக் அமிலத்துடன் சேர்ந்து, கரையும் வடிவமாகி, பித்தநீரோடு வெளியேறுகிறது.

உண்ணிச்செடி இலையில் உள்ள லாண்டடீன் நஞ்சு, இந்தப் பித்தநீர் ஓட்டத்தைத் தடுத்துவிடுகிறது. பிலிருபின் ரத்தத்துக்கே திரும்புகிறது. கண்ணும் ஈறும் மஞ்சளாகின்றன. பச்சையத்திலிருந்து உருவாகும் பைலோஎரித்ரின் என்ற பொருளும் தோலில் தேங்குகிறது. வெயில் பட்டால் மூக்கு, மடி, வெள்ளைத் தோல் பகுதிகள் வெந்து புண்ணாகும்.

சிறுநீரைப் பாருங்கள்

ஆல்புமினோடு ஒட்டிய பிலிருபின் சிறுநீரில் இறங்காது. கரையும் வடிவம் இறங்கும். அதனால் உண்ணிச்செடி தின்ற மாட்டின் சிறுநீர் அடர் மஞ்சளாக இருக்கும். உண்ணி கடித்து வரும் பபீசியா காய்ச்சலில் சிவப்பணுக்கள் உடைவதால், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உடனே செய்ய வேண்டியவை

* மாட்டை வெயில் படாமல் நிழலில் கட்டுங்கள். தண்ணீர் வையுங்கள்.

* இரைப்பை அசைவு நின்று, தின்ற இலை உள்ளேயே தங்கி நஞ்சு ஏறிக்கொண்டிருக்கும். கீழாநெல்லி கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நஞ்சை உறிஞ்சும் கரியை மருத்துவர் சரியான அளவில் கொடுப்பார்.

* மீதமிருக்கும் மருந்துகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சில சல்பா மருந்துகள் ஆல்புமினிலிருந்து பிலிருபினைத் தள்ளிவிடும் என்பது பச்சிளங்குழந்தைகளிடம் 1950-களிலேயே தெரிந்த விஷயம்.

* 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மாடு எங்கே மேய்ந்தது, என்ன தின்றது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

வேலியோர உண்ணிச்செடியைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். வெட்டிய செடியைத் தொழுவத்தின் அருகே போடாதீர்கள். காய்ந்த இலையிலும் நஞ்சு இருக்கும்.