மேசு பின்னி முடிந்தாலும் வேலை முடிவதில்லை

பின்னல் ஊசியைக் கீழே வைத்தவுடன் ஒரு சோடி கம்பளி மேசு தயாராகிவிட்டது என்று நினைக்கிறோம். எடுத்துப் பார்த்தால் ஒன்று நீளமாகவும் மற்றது சற்றுக் கட்டையாகவும் இருக்கும். குதிப் பக்கம் சுருண்டு நிற்கும். கை வியர்வையும் அடுப்புப் புகையும் நூலில் ஏறியிருக்கும். இதை அப்படியே விற்கக் கொண்டுபோனால் வாங்குபவர் முகத்தைச் சுளிப்பார். அதே சோடியைக் கழுவி, வடிவுக்கு இழுத்து, உலர்த்திக் கொண்டுபோனால் கேட்கும் விலைக்கு ஒரு நியாயம் இருக்கும். காணியை விட்டு வந்து, கைவேலையில் நாலு காசு பார்க்க முயலும் எமது சகோதரிகளுக்கு இந்தக் கடைசி வேலை மிக முக்கியம்.

வெயில் ஊரில் கம்பளி மேசு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நுவரெலியாவில் மார்கழி, தை மாதக் குளிரை அறிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். கனடாவிலும் நோர்வேயிலும் பிள்ளைகள் உள்ள தாய்மாரும் கேட்கமாட்டார்கள்.

இந்தத் தொழிலில் நெடுங்காலம் ஊறியவர்கள் ஸ்கொட்லாந்துக்கு வடக்கே கடலில் உள்ள ஷெற்லாந்துத் தீவு மக்கள். அவர்களும் நம்மைப்போலச் சிறு விவசாயிகள். மெலிந்த மண், சொந்தமில்லாத காணி, வருடம் முழுவதும் காற்று. 17ஆம் நூற்றாண்டிலேயே அங்கு மீன்பிடிக்க வந்த ஒல்லாந்தருக்குப் பெண்கள் மேசு பின்னி விற்றார்கள். முதுகில் எரிகரிக் கூடையைச் சுமந்து நடக்கும்போதும் கை பின்னிக்கொண்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டில், ஆடு மேய்ப்பதற்காகக் காணிச் சொந்தக்காரர்கள் குடிகளை எழுப்பியபோது, பல வீடுகளில் அடுப்பெரிந்தது பெண்களின் பின்னலால்தான்.

ஆனால் அவர்களுக்கு வியாபாரிகள் காசு கொடுக்கவில்லை. பின்னிய பொருளுக்குப் பதிலாகத் தேயிலையையும் துணியையும் தள்ளிவிட்டார்கள். வீட்டில் மா இல்லாதபோது தேயிலையை வைத்து என்ன செய்வது? சிலர் அதைச் சுமந்து திரிந்து உணவுக்கு மாற்றினார்கள். இந்த முறையைப் பற்றி 1871-72இல் அரசாங்கம் விசாரணை நடத்தியது. பெண்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். எமது பக்கத்திலும் 'நூலைத் தருகிறேன், பின்னித் தாருங்கள், கணக்கைப் பிறகு பார்ப்போம்' என்று வருபவர்கள் உண்டு. சோடிக்கு எவ்வளவு, எந்த நாளில், காசாகவா என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் நூலைச் சோதியுங்கள். கடையில் கம்பளி நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்கிறிலிக். ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். உண்மைக் கம்பளி தலைமயிர் எரியும் மணத்தோடு கருகும். நெருப்பை எடுத்தால் அணைந்துவிடும். சாம்பலை விரலால் நசுக்கலாம். அக்கிறிலிக் உருகி ஒழுகி, ஆறியதும் கல்மணிபோல இறுகும். மேசுக்கென்று வரும் நூலில் கம்பளியோடு நாலில் ஒரு பங்கு நைலோன் கலந்திருப்பது வழக்கம். அது நல்லதே, குதி இலகுவில் தேயாது. தண்ணீரில் நனைத்து வடிவெடுக்கும் முறை கம்பளிக்கு உரியது. அக்கிறிலிக்கில் அது நிற்காது.

கம்பளியும் நம் தலைமயிரும் ஒரே இனப் பொருள். கம்பளி இழையின் மேல் மீன் செதில்போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றில் ஒன்று கொளுவி இறுகிவிடும். வெள்ளைத் துணியை அவிப்பதுபோல மேசை அவித்து, கல்லில் அடித்தால், பெரியவருக்குப் பின்னியது தொட்டில் பிள்ளைக்கு அளவாகிவிடும். பிறகு எப்படி இழுத்தாலும் பழைய அளவு வராது. சலவைச் சோடாவும் கூடாது. வெளிற்றும் குளோரின் நீர் கம்பளியைக் கரைத்தே விடும்.

நல்லவேளையாக நமது கிணற்று நீரைச் சூடாக்கத் தேவையில்லை, அந்த வெதுவெதுப்பே போதும். தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்து நீரில் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைப் பிசின்போலத் திரண்டு நூலில் ஒட்டிக்கொள்ளும். மழைநீர் சேர்த்து வைத்திருந்தால் அதுதான் உத்தமம். இல்லாவிட்டால் சவர்க்காரத்தை விட்டுவிட்டு, தலைக்குப் பூசும் ஷம்பு ஒரு தேக்கரண்டியை அரை வாளி நீரில் கலக்குங்கள். மேசை உட்புறம் வெளியே வரத் திருப்பி, கால் மணி நேரம் ஊறவிட்டு, உள்ளங்கையால் மெதுவாக அமத்தி விடுங்கள். தேய்க்கவோ முறுக்கவோ வேண்டாம். அதே சூடுள்ள நீரில் இரண்டு தடவை அலசுங்கள். கடைசி நீரில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் மிஞ்சியிருக்கும் காரம் போய், நூல் மென்மையாகும். மணம் காய்ந்ததும் போய்விடும்.

நனைந்த கம்பளிக்குப் பலம் குறைவு. அதனால் விரற் பக்கத்தில் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் ஏந்தி எடுங்கள். பழைய துவாயில் பரப்பி, பாய்போலச் சுருட்டி, மேலே ஏறி மிதித்தால் நீர் துவாய்க்குப் போய்விடும். இது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை, கொடுக்கலாம்.

அடுத்தது வடிவுப் பலகை. ஷெற்லாந்துக்காரர் கால் வடிவில் வெட்டிய மெல்லிய பலகையில் மேசை மாட்டித்தான் காயவைப்பார்கள். அங்கே பின்னிய சால்வைகளைக் கழுவி விரித்துக் கட்டுவதைத் தனித்தொழிலாகச் செய்து கூலி வாங்கியவர்களும் இருந்தார்கள். நாமும் அரை அங்குலத்துக்கும் குறைவான கனமுள்ள பலகையில் வெட்டலாம். பாதத்தின் சுற்றளவு ஒன்பது அங்குலமென்றால் பலகையின் அகலம் நாலு அங்குலம் போதும். மேசு காலைக் கௌவி நிற்க வேண்டும், தொளதொளக்கக் கூடாது. பத்து அங்குலப் பாதத்துக்கு ஒன்பதரை அங்குல நீளம் அளவானது. ஓரங்களை மண்கடதாசியால் உரஞ்சி, காற்றோட்டத்துக்கு நாலைந்து துளை போடுங்கள். பலாப்பலகையைத் தவிர்த்துவிடுங்கள். காவிச்சீவரத்துக்குச் சாயமெடுக்கும் மரம் அது, ஈர மேசை மஞ்சளாக்கிவிடும். இரும்பு ஆணியும் கறை பிடிக்கும். பலகைக்கு வசதியில்லையென்றால் தடித்த மட்டையை வெட்டிப் பொலித்தீனால் சுற்றுங்கள். சட்டை கொளுவும் கம்பியை வளைத்தும் செய்யலாம். அதன்மேல் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும்.

மாட்டும்போது மேசை நல்ல பக்கத்துக்குத் திருப்பி, குதியைப் பலகையின் குதியில் பொருத்தி, கோடுகள் நேராக நிற்கத் தடவி விடுங்கள். இரண்டு பலகைகளும் ஒரே அளவாக இருந்தால் கட்டை மேசும் நெட்டை மேசும் ஓரளவுக்குச் சோடி சேர்ந்துவிடும். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பலகை உதவாது. விரற் பக்கத்தை அவிழ்த்துப் பின்ன வேண்டியதுதான்.

காயவைப்பது நிழலில், காற்றுப் படும் இடத்தில். நேர் வெயில் வெள்ளைக் கம்பளியைப் பழுப்பாக்கும், சாயத்தை மங்கச் செய்யும். அடுப்புக்கு மேல் கட்டினால் கழுவிய புகை திரும்பி வந்துவிடும். மாரி காலத்தில் இரண்டு நாள் எடுக்கலாம். கம்பளி தன் நிறையில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்ட ஈரத்தை உறிஞ்சியும் கைக்கு ஈரம் தெரியாது. எனவே காய்ந்ததுபோலத் தெரிந்தபின்னும் மேலும் அரைநாள் பலகையிலேயே விடுங்கள். ஈரத்தோடு பைக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வியர்வை பட்ட கம்பளியைப் பூச்சி தேடி வரும் என்பதால், தேங்காமல் விற்கப் பாருங்கள். வைக்க நேர்ந்தால் கழுவியே வையுங்கள்.

கட்டும்போது ஒரு சிறு கடதாசியில், குளிர்நீரில் கையால் கழுவவும், முறுக்க வேண்டாம், நிழலில் விரித்துக் காயவைக்கவும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சோடிக்குள் செருகுங்கள். வெளிநாட்டு மருமகள் அதை இயந்திரத்தில் போட்டுச் சுருக்கிவிட்டால், குறை பின்னியவருக்குத்தான் வரும்.