பழைய கணினியில் உள்ள படங்களைப் புதியதற்கு மாற்ற ஒரு கம்பி போதும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவுக்கு வந்ததால், பல வீடுகளில் புதிய கணினி வாங்கப்படுகிறது. ஆனால் கல்யாணப் படங்களும், மறைந்த பெரியவர்களின் காணொளிகளும் பழைய கணினியிலேயே கிடக்கின்றன. இணைய வேகம் குறைந்த தோட்டப்புறங்களில் அவற்றை இணையம்வழி ஏற்றி இறக்க நாள்கணக்கில் ஆகும். இரு கணினிகளையும் நேரடியாக இணைத்தால் இணையமே தேவையில்லை.

தேவைப்படுவது ஒரு சாதாரண லேன் கம்பி. முன்பு இதற்கெனத் தனிவகைக் கம்பி வேண்டியிருந்தது. இன்றைய கணினிகள் அதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். லேன் துளை இல்லாத மடிக்கணினிக்கு யுஎஸ்பி அடாப்டர் ஒன்று போதும்.

கம்பியைச் செருகியதும், கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் வழியாக ஈதர்நெட் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ஐபி பதிப்பு 4-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கணினிக்கு 192.168.50.1, புதியதற்கு 192.168.50.2 என முகவரி கொடுக்கலாம். இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே காலியாகவே இருக்கட்டும்.

அடுத்து, பழைய கணினியில் கோப்புப் பகிர்வை இயக்க வேண்டும். இந்த இணைப்பை விண்டோஸ் பெரும்பாலும் 'பப்ளிக்' என்றே கருதுவதால், அந்தப் பிரிவில்தான் அனுமதி தர வேண்டும். பிறகு வேண்டிய கோப்புறையில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் பகுதிக்குச் சென்று பகிரலாம்.

புதிய கணினியின் ஃபைல் எக்ஸ்புளோரர் முகவரிப் பட்டையில் \\192.168.50.1 எனத் தட்டினால், பழைய கணினியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். பலர் தடுமாறுவது இங்கேதான். பின் எண் இங்குச் செல்லாது. கடவுச்சொல் இல்லாத கணக்கு என்றால், முதலில் ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டிலும் ஜிகாபிட் துளை இருந்தால் 100 ஜிகாபைட் ஏறக்குறைய 20 நிமிடத்தில் வந்துசேரும். பழைய 100 மெகாபிட் துளை என்றால் இரண்டரை மணி நேரம் வரை ஆகலாம். ஹார்ட் டிஸ்க் மெதுவானது என்றாலோ சிறு கோப்புகள் ஏராளம் என்றாலோ இன்னும் நேரம் பிடிக்கும்.

கோப்புகளை 'கட்' செய்யாமல் 'காப்பி' செய்வதே பாதுகாப்பு. பாதியில் கம்பி கழன்றாலும் மூலக் கோப்பு அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் பகிர்வை நிறுத்தி, ஐபி முகவரியைப் பழையபடி தானியங்கி நிலைக்கு மாற்றிவிட வேண்டும். புதிய கணினியில் படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழையதை அழிப்பதோ பிறருக்குக் கொடுப்பதோ நல்லது.